இரண்டாவது அண்டா

ஆவுடைத்தாயைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே போய்ச் சொன்னேன். குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் இருக்கும் அவளுடைய மெஸ்ஸில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்த நேரம். தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னப் பத்தி எழுத என்ன அண்ணாச்சி கெடக்கு? சீசன் வந்தா ரூம் வாடகைய இஷ்டத்துக்கு ஏத்துதானுவ, அத எழுதுங்க. நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கும்."

எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குத் தென்காசியில் மருந்துக்கடை. முப்பது வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்துப் பொறுமையெல்லாம் வற்றிப்போய்விட்டது என்று என் மனைவி சொல்லுவாள். ஆவுடைத்தாயிடமே எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டது கிடையாது. அண்ணாச்சிக்கு வயித்துல பசி இருக்கு போல என்று ஒரு தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

ராயகிரியில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கீழப்பாவூர் நயினாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நயினார் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பேசினால் டீசல் செலவாகும் என்று நினைக்கிற மனிதர். கல்யாணமான மறு வருடமே ஆவுடைத்தாய் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அங்கிருந்து காய் நறுக்க, அரிசி களைய, சோறு வடிக்க என்று ஏறி ஏறி, இருபத்தாறு வருடத்தில் ஆயிரம் பேருக்கு ஒற்றை ஆளாக நின்று சமையல் நடத்துகிற அளவுக்கு வந்துவிட்டாள். சாரல் காலத்தில் மெஸ். மற்ற மாதங்களில் கல்யாணம், சடங்கு, எங்கள் சபையின் அசனம்.

அசனம் என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் வருடத்துக்கு ஒரு நாள், வருகிற எல்லோரையும் உட்கார வைத்துச் சோறு போடுவது. யார் எவர் என்று கேட்பதில்லை. ஆவுடைத்தாய் வாராவாரம் உலகம்மன் சன்னதிக்குப் போய்வருகிறவள். நெற்றியில் திருநீறும் குங்குமமும் இல்லாமல் நான் அவளைப் பார்த்ததில்லை. ஆனாலும் பதினோரு வருடமாக எங்கள் அசனம் அவள் கையில்தான் வேகிறது.

சமையலைவிட அவளுக்குப் பெரிய விஷயம் பரிமாறுவது. சமைத்து முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, சோற்று வாளியை அவளே தூக்குவாள். பந்தியில் போகும்போது யாரிடமும் போதுமா என்று கேட்கக்கூடாது என்பது அவளுடைய சட்டம். கேட்டால் சாப்பிடுகிறவர் கூச்சப்பட்டுப் போதும் என்று சொல்லிவிடுவாராம். இலைக்கு மேல் கையை மறிக்கிற வரைக்கும் வைத்துக்கொண்டே போகவேண்டும். மறித்த பிறகும் விரலிடுக்கில் ஒரு அரைக் கரண்டி விழும். அவளிடம் சாப்பிட்டுவிட்டு நேராக எழுந்து நடந்தவர்கள் குறைவு.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். மூன்று வருடத்துக்கு முந்தைய அசனத்தில் சோறு தீர்ந்துவிட்டது என்று யாரோ கிளப்பிவிட, வெளியே நின்ற கூட்டம் ஒரேயடியாக வாசலில் வந்து முட்டியது. நான் மைக்கைப் பிடித்துக் கத்தினேன். சோறு இருக்கிறது, பொறுமையாக வாருங்கள் என்று எத்தனை சொன்னாலும் தள்ளுமுள்ளு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆவுடைத்தாய் நாலு ஆட்களைக் கூப்பிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த இரண்டாவது அண்டாவைத் தூக்கிக்கொண்டுவந்து வாசலுக்கு நேரே வைக்கச் சொல்லி மூடியைத் திறந்தாள். ஆவி பறந்தது. முன்னால் நின்றவர்கள் பார்த்தார்கள், பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் வரிசை நின்றது.

"வயித்துக்குக் காது கேக்காது அண்ணாச்சி. கண்ணுல காட்டணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் மைக்கை அணைத்தேன்.

போன வருடம் எங்கள் சபை, ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் கிட்டாலே என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அனாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குச் சமையல் கூடம் கட்டப் பணம் அனுப்பியது. மே மாதம் என்னையும் சேர்த்து ஆறு பேர் போய், மூன்று வாரம் அங்கே தங்கி ஊழியம் செய்வதாக ஏற்பாடு. அடுப்பு அமைக்க, பெரிய அளவில் சமைக்கக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் குருவானவர் வேதமாணிக்கம் ஐயா கமிட்டியில் ஆவுடைத்தாயின் பெயரைச் சொன்னதும் முணுமுணுப்பு எழுந்தது. மிஷன் ஊழியத்துக்குத் திருநீறு பூசியவளைக் கூட்டிப்போவதா என்று கேட்டார்கள்.

"ஐம்பது பேருக்கு உலை வைக்கத் தெரிஞ்ச விசுவாசி யாராவது இருந்தா கை தூக்குங்க," என்றார் ஐயா. ஒரு கையும் எழவில்லை. அத்தோடு தீர்மானம் நிறைவேறியது.

ஆவுடைத்தாய் முதலில் மாட்டேன் என்றாள். சாரலுக்கு முன்னால் மெஸ்ஸுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றாள். அங்கே இருப்பதெல்லாம் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்று ஐயா சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு பாஸ்போர்ட்டுக்கு எங்கே போய்ப் படம் பிடிக்கணும் என்று கேட்டாள். நயினார் வாயைத் திறந்து, "போயிட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்," என்றார். அது அவருக்குப் பெரிய சொற்பொழிவு.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவளுடைய பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். புளி, வற்றல், பெருங்காயம், அவல், ஓர் எவர்சில்வர் வாளி, முழங்கை நீளத்துக்கு ஒரு சோற்றுக் கரண்டி, கரண்டிக்குள் பொதிந்து உலகம்மன் படம். கரண்டி எதற்கு என்று அதிகாரி கேட்டார். அங்கே கரண்டி கிடைக்காதா என்று நானும் கேட்டேன். "கெடைக்கும். என் கை அதுக்குப் பழகணும்லா," என்றாள்.

விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும், பிள்ளைகள் விளையாடுகிற சொப்பு என்று நினைத்துவிட்டாள். பணிப்பெண் காபி ஊற்ற வந்தபோது, கோப்பைக்கு மேல் கையை மறித்தாள். அந்தப் பெண் எந்த நாட்டுக்காரியோ, சிரித்துவிட்டு நகர்ந்தாள். ஆவுடைத்தாய்க்கு அதில் பெரிய நிம்மதி.

"பாத்தீயளா அண்ணாச்சி. பாஷை தெரியாட்டா என்ன, கைய மறிச்சா எந்த ஊர்க்காரிக்கும் புரியுது."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வரும்.

இல்லம் ஒரு மேட்டில் இருந்தது. மே மாதம் என்றாலும் குளிர், தினமும் மழை. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். நடத்துகிறவர் ரூத் வஞ்சாலா என்ற அம்மையார், அறுபது வயதிருக்கும், குரல் உயராமல் பேசுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக வருவார்கள். மக்காச்சோள மாவில் கிண்டிய களி ஒரு கரண்டி, சிவப்புப் பயறு ஒரு கரண்டி. எல்லோருக்கும் ஒரே அளவு. மறுசோறு கிடையாது. சாப்பிட்டதும் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

களியைப் பார்த்ததும் ஆவுடைத்தாய் முகம் மலர்ந்தது. ராயகிரியில் அவள் வளர்ந்தது கம்பங்களியில். இது வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். முதல் நாளே அந்த ஊர்ச் சமையல்காரர்களோடு சேர்ந்து கிண்டினாள். அவள் தமிழில் பேசினாள், அவர்கள் அவர்கள் பாஷையில் பேசினார்கள், உப்பு சரியாகத்தான் இருந்தது. பிள்ளைகளை ஏலே என்றும் ஏட்டி என்றும் கூப்பிட்டாள். அவர்கள் அவளை மாமா என்றார்கள். அந்த ஊரில் மாமா என்றால் அம்மா. அது தெரிகிற வரைக்கும் அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

அந்த வரிசை மட்டும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "தட்ட ஏந்திக்கிட்டு நிக்கிறதப் பாத்தா பிச்சைக்கு நிக்கிற மாதிரி இருக்கு. ஒரு நாள் நம்ம ஊரு மாதிரி உக்கார வச்சுப் போடுதேன், கேட்டுச் சொல்லுங்க," என்றாள். ரூத் அம்மையாரிடம் கேட்டேன். எங்கள் பணத்தில் அரிசி வாங்கியிருந்தோம். ஒரு நாள்தானே என்று அவரும் சரி சொன்னார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. கூடத்தில் பாய்களை விரித்து நாலு வரிசையாகப் பிள்ளைகளை உட்கார வைத்தாள். சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு, சேமியா பாயசம். வாளியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவள் முதல் வரிசையில் இறங்கியதும், பிள்ளைகளின் சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் செல்போனில் படம் பிடித்தேன். பிடித்ததோடு நில்லாமல், எங்கள் ஊர் அன்பைப் பாருங்கள் என்று எழுதிச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் எண்பது கும்பிடு வந்து விழுந்தது.

பெரிய பிள்ளைகள் இரண்டு தடவை வாங்கிக்கொண்டு சிரித்தபடி தட்டை இழுத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையின் ஓரத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் நெகேசா. அவள் சிரிக்கவுமில்லை, தட்டை இழுக்கவுமில்லை. வைத்தால் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடைத்தாய் மறுபடியும் வைத்தாள். மறிக்கிற கை வரவில்லை. மறுபடியும் வைத்தாள். ஆறு தடவை வைத்தாள் என்று பிற்பாடு என் செல்போனில் எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவது தடவையில் பிள்ளையின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு நெகேசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. வயிறு கல்லாக இருந்தது. இல்லத்து வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருந்துக்கடைக்காரன் என்று நானும் கூடப் போனேன். போய் என்ன, அங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். குழாய் விட்டு வயிற்றை இளக்கி, ஊசி போட்டு, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ரூத் அம்மையார் அன்று மாலை என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கோபத்தைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்கள் ஊரில் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் வளர்கிறார்கள். இங்கே வருகிற பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் கடைசியாக வருவது அதுதான்," என்றார். நெகேசா வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் எத்தனை நாள் பட்டினி கிடந்தாள் என்று யாருக்கும் தெரியாது. இப்போதும் கொடுப்பதில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். எறும்பு வரும், விடுதியைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் வாரந்தோறும் எடுத்துத் துடைப்பார்கள், அவள் மறுபடியும் வைப்பாள். அன்றைக்குச் சாம்பார் சோற்றை ஒளித்து வைக்க வழியில்லாததால் எல்லாவற்றையும் வயிற்றிலேயே வைத்துக்கொண்டாள். அதனால்தான் எங்களிடம் அளவு, வரிசை எல்லாம் என்றார். இனி உங்கள் சமையல்காரி பரிமாறவேண்டாம் என்றும் சொன்னார்.

ஆவுடைத்தாயிடம் இதைத் தமிழில் சொல்லவேண்டிய வேலை என்னுடையது. எதையும் குறைக்காமல் சொன்னேன். அவள் கரண்டியைக் கழுவித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நான் சோறு போட்டு ஒரு பிள்ளையக் கொல்லப் பாத்துட்டேனே அண்ணாச்சி," என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் அடுப்புப் பக்கமே வரவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். இருபது வயதில் தொடங்கிய வேலைக்கே திரும்பிப் போய்விட்டதுபோல இருந்தது எனக்கு. ஊருக்கு அனுப்பி வையுங்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். டிக்கெட்டை மாற்ற முடியாது என்று எரிந்து விழுந்தேன். என்மேல் இருந்த கோபத்தை அவள்மேல் காட்டினேன். வாட்ஸ்அப்பில் இன்னும் கும்பிடு வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவளாகவே சொன்னாள். "எனக்கு அப்ப ஒம்பது வயசு. எங்க ஊருல பண்ணையார் வீட்டுக் கல்யாணம். பந்தியில போயி உக்காந்துட்டேன். ஒரு கரண்டி சோறு எலையில விழுந்துட்டு. ரெண்டாவது வைக்க வந்த ஆளு, இது யாரு வீட்டுப் பிள்ளன்னு கேட்டு, கையப் பிடிச்சுத் தூக்கி விட்டுட்டான். எலையில சோறு அப்படியே கெடக்கு. அன்னையிலேருந்துதான் அண்ணாச்சி, ஒருத்தருக்கும் நானா போதும்னு நெனைக்கக்கூடாது, அவுகளா கைய மறிக்கணும்னு வச்சிருக்கேன். இந்தப் பிள்ளையும் என்னைய மாதிரிதான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்லா."

பதினோரு வருடமாக அவளைத் தெரியும் எனக்கு. இது தெரியாது.

நெகேசா திரும்பி வந்த மறுநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். ஆவுடைத்தாய் எழுந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. ஆனால் பிள்ளை அவளைப் பார்க்க வரவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பெரிய பானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பாவாடைப் பைக்குள் கையை விட்டு எதையோ தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். பையில் இருந்தது மத்தியானக் களியில் பாதி. அடுத்த நாளும் அதே நேரம் வந்தாள். அதே பானையைப் பார்த்தாள்.

ஆவுடைத்தாய் என்னைத் தேடிக்கொண்டு வேகமாக வந்தாள். நாலு நாளுக்குப் பிறகு அவள் நடையில் பழைய வேகம்.

"அண்ணாச்சி, இவுக பானையக் கவுத்துதாவல்லா, அதுதான் தப்பு. அடுத்த உலை ஏறாம நான் என்னைக்காவது அண்டாவக் கவுத்திருக்கேனா? கவுந்த பானையப் பாத்தா அந்தப் பிள்ளைக்கு, இத்தோட சோறு தீந்து போச்சுன்னுதான தோணும்? அந்தம்மாட்ட கேளுங்க. நான் பரிமாற மாட்டேன். ராத்திரிக்கு உள்ள மாவையும் நாளைக்கு உள்ள பயறையும் பிள்ளைக தின்னுட்டு இருக்கும்போதே வாசல்ல கொண்டு வச்சு, பயற ஊறப் போட்டுக்கிடுதேன்."

ரூத் அம்மையார் நான் சொன்னதைக் கேட்டார். அசனத்தில் இரண்டாவது அண்டாவைத் திறந்து வைத்த கதையையும் சொன்னேன். நான் மைக்கில் கத்தியதையும் மறைக்கவில்லை. அவர் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். பயறு ஊறப்போட யாருடைய அனுமதியும் வேண்டாம் என்றார்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் வரிசையில் வாங்கி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆவுடைத்தாய் கூடத்து வாசலில் இரண்டு பெரிய சட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் ராத்திரிக்கு அளந்த மாவு. இன்னொன்றில் நாளைக்கு உள்ள பயறு. எல்லோரும் பார்க்கப் பயற்றில் தண்ணீர் ஊற்றினாள். மற்ற பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை. நெகேசா மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்ததும் ஆவுடைத்தாய் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். பக்கத்தில் வந்த பிள்ளையின் கையைப் பிடித்துப் பயற்றுக்குள் முழங்கை வரைக்கும் விட்டாள். அந்த ஊர் பாஷையில் அவள் கற்றுக்கொண்டிருந்தது ஒரே ஒரு சொல். கெஷோ. நாளைக்கு என்று அர்த்தம். அதைத்தான் சொன்னாள். பிள்ளை கையை உள்ளேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்றைக்கும் மெத்தைக்கு அடியில் களி இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. நான் தினமும் விடுதிப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். ஆவுடைத்தாய் கேட்கச் சொல்லவில்லை, ஆனால் நான் திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்ப்பாள். இருக்கு என்று தலையாட்டுவேன். அவள் மறுபடியும் பயறு அளக்கப் போவாள். இல்லத்துச் சமையல்காரர்களும் பானையைக் கவிழ்ப்பதை விட்டுவிட்டார்கள். காலையில் மத்தியானத்துக்கு உள்ளது வாசலில் இருக்கும். மத்தியானத்தில் ராத்திரிக்கு உள்ளது இருக்கும். ஒரு வேளை தவறவில்லை. சட்டி வைத்த ஆறாம் நாளிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற வேலையை நெகேசா எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் தரையெல்லாம் தண்ணீர். நான் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டதைப் பற்றி இங்கே விரிவாக எழுத விருப்பமில்லை.

கடைசி வாரத்தில் விடுதிப் பெண் மெத்தையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு துண்டு இருந்தது, கட்டைவிரல் அளவு. முன்பெல்லாம் ஒரு கை நிறைய இருக்கும். அதைச் சொன்னதும் ஆவுடைத்தாய், "கொஞ்சம் இருக்கட்டும் அண்ணாச்சி. எனக்கும் பெட்டியில அவசரத்துக்கு அவல் இருக்கு," என்றாள்.

புறப்படுகிற நாளுக்கு முந்தின மத்தியானம், ரூத் அம்மையார் அவரே சமையல் கூடத்துக்கு வந்து, உன் கரண்டி எங்கே என்று சைகையில் கேட்டார். ஆவுடைத்தாய் என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன், உட்கார வைத்துப் போடச் சொல்கிறார் என்று. அவள் உடனே சரி சொல்லவில்லை. அந்தப் பிள்ளை மறுபடியும் நிறுத்தாவிட்டால் என்ன செய்வது என்றாள். நான் கூடவே வருகிறேன், மூன்றாவது கரண்டியில் நிறுத்திவிடலாம் என்றார் அந்த அம்மையார்.

மறுபடியும் பாய். மறுபடியும் நாலு வரிசை. சோறும் பயற்றுக் குழம்பும் மட்டும். வாசலில் நாளைக்கு உள்ள பயறு ஊறிக்கொண்டிருந்தது. நான் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். ஆவுடைத்தாய் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு போனாள். முன்பெல்லாம் அவள் இலையைத்தான் பார்ப்பாள். கடைசி வரிசைக்கு வந்தாள். நெகேசா தட்டில் ஒரு கரண்டி வைத்தாள். பிள்ளை சாப்பிட்டாள். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இரண்டாவது கரண்டி வைத்தாள். அதையும் சாப்பிட்டாள். தட்டு காலி. நிமிர்ந்து பார்த்தாள்.

ஆவுடைத்தாய் திரும்பி ரூத் அம்மையாரைப் பார்த்தாள். மூன்றாவது கரண்டியை வாளியிலிருந்து எடுத்தாள். தட்டுக்கு மேலே கொண்டுபோனாள்.

நெகேசா இரண்டு கையையும் தட்டுக்கு மேல் விரித்து மறித்தாள்.

"கெஷோ," என்றாள்.

கரண்டி அப்படியே நின்றது. இருபத்தாறு வருடமாக, மறித்த கையின் விரலிடுக்கில் அரைக் கரண்டி போடாமல் நகராதவள், அந்தச் சோற்றைத் திருப்பி வாளியில் போட்டாள். பந்தி நடுவில் நிற்கக்கூடாது என்பதும் அவள் சட்டம். அடுத்த பிள்ளைக்கு வைத்தாள், அதற்கு அடுத்த பிள்ளைக்கு வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. வரிசையை முடித்துவிட்டுத்தான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அழுதுகொண்டிருந்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

"நாளைக்கின்னு சொல்லுதா அண்ணாச்சி. நாளைக்கு நான் இங்கன இல்லயே."

அதை ரூத் அம்மையாரிடம் சொன்னேன். அவர் வாசலில் இருந்த சட்டியைக் காட்டி, "அது இருக்கும்," என்றார். இன்றைக்கும் இருக்கிறது. எப்போதாவது படம் அனுப்புவார். சட்டி, பக்கத்தில் தண்ணீர்க் குவளையோடு நெகேசா, தரை முழுக்க ஈரம்.

ஊர் திரும்பிய பிறகு வந்த அசனத்தன்று, கென்யா போய் வந்தவர்கள் சாட்சி சொல்லவேண்டும் என்று ஐயா மேடைக்குக் கூப்பிட்டார். ஒருவர் பாடிய பாட்டுகளைச் சொன்னார், ஒருவர் வழியில் பார்த்த ஒட்டகச்சிவிங்கியைச் சொன்னார். நான் சமையல் கூடத்தின் நீள அகலத்தைச் சொன்னேன். கடைசியாக ஐயா ஆவுடைத்தாயைக் கூப்பிட்டார். கமிட்டியில் முணுமுணுத்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். சேலையில் கரியும் நெற்றியில் திருநீறுமாக வந்து, மைக்குக்கு எட்டியே நின்றாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. அங்கன ஒரு பிள்ளை இருக்கா. பசிச்ச பிள்ளை. என் கரண்டிய மறிச்சு, மிச்சத்த நாளைக்கு வையின்னு சொன்னா. இருபத்தாறு வருசமா சோறு போடுதேன். எத்தனையோ பேரு வயிறு நெறஞ்சிட்டுன்னு வாழ்த்தியிருக்காவ. நாளைக்கும் இருக்கும்னு என்னைய நம்பினது அவ ஒருத்திதான்."

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டாவது அண்டாவை வாசலில் வைத்து மூடியைத் திறக்கவேண்டும் என்று இறங்கிப் போய்விட்டாள்.